கேமராவுக்குச் சுட்ட ரொட்டி

எங்கள் ஊர் ஒரே குடும்பம்போல வாழ்கிறது என்று தொலைக்காட்சிக்காரர்களிடம் யார் சொன்னார்களோ தெரியாது. சொன்னவர் எங்கள் ஊர்க்காரராக இருக்க வழியில்லை. இருந்திருந்தால், மேல்தெருக் குடும்பமா கீழ்த்தெருக் குடும்பமா என்று திருப்பிக் கேட்டிருப்பார்.

சேதியைக் கொண்டுவந்தவன் ஊர்த்தலைவன் வாரஸ்தாத். நாங்கள் கடை வாசலில் நின்றிருந்தோம். பட்டணத்து ரொட்டி வண்டி வழக்கம்போலத் தாமதம்.

"தலைநகர் யெரெவான்ல இருந்து டிவிக்காரங்க வராங்க. வியாழக்கிழமை. நம்ம அரெவாகார் ஊரைப் பத்தி ஒரு நிகழ்ச்சி. ஊர் எப்படி ஒண்ணா இருக்கு, ஒருத்தருக்கொருத்தர் எப்படி ஒத்தாசையா இருக்காங்க, அதையெல்லாம் எடுக்கணுமாம்."

"இருந்தா எடுத்துக்கட்டும்," என்றேன்.

"ஸாபெல் அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன். கேமரா முன்னாடி மட்டும் இந்த வாயைத் திறந்துடாதே."

"சரி, என்னத்தைக் காட்டப் போற? தண்ணி முறை வந்தா மண்வெட்டியைத் தூக்கிட்டு நிப்பீங்களே, அதையா?"

"பொம்பளைங்க லவாஷ் சுடறதைக் காட்டணுமாம். நாலு பேர் தோனிர் அடுப்பைச் சுத்தி உக்காந்து, பேசிச் சிரிச்சு, ரொட்டி சுட்டு, ஊரே பங்கு போட்டுத் தின்னு..."

நாங்கள் எல்லோரும் பாதையைப் பார்த்தோம். ரொட்டி வண்டி இன்னும் வரவில்லை.

"எங்க வீட்டுத் தோனிர் இருக்கு," என்றாள் அருஸ்யாக்.

மாவுக் கட்டு போட்ட கையைத் துணியில் தொங்கவிட்டபடி வரிசையின் கடைசியில் நின்றிருந்தாள். அவள் வீட்டில் என்ன நடக்கப்போகிறது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஊர் ஒன்றாக வாழ்வது அந்த ஒரு விஷயத்தில்தான். ஒருத்தி வீட்டுக் கஷ்டம் மற்றவள் வீட்டுக்கு அவளைவிட முந்திப் போய்ச் சேர்ந்துவிடும்.

அருஸ்யாக்கின் ஒரே மகன் ஆவெட்டுக்குக் கல்யாணம். பெண் கியும்ரிக்காரி, நகரத்துப் பிள்ளை. நிச்சயத்தன்று பெண்ணின் தாய் ஜன்னா, காப்பிக் கோப்பையை வைத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல் கேட்டாள்.

"சம்பந்தி, உங்க பக்கத்துல எல்லாம் ரொட்டி இப்ப கடையிலதான் வாங்கறாங்களோ?"

அருஸ்யாக் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் அவள் அருஸ்யாக் இல்லை.

"என்ன பேச்சு இது சம்பந்தி! எங்க ஊர்ல ஒரு வீட்ல மாவு பிசைஞ்சா போதும், ஊரே ஓடிவரும். வேண்டாம் வேண்டாம்னு துரத்தணும்."

திரும்பி வந்த வாரமே மல்பெரி மரத்தில் ஏணி சரிந்து அவள் கை முறிந்தது. ஓடி வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஏணிக்குச் சொந்தக்காரர்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்து மணமக்கள் வாசலுக்கு வரும்போது, மாப்பிள்ளையின் தாய் இரண்டு பேர் தோளிலும் லவாஷ் போட வேண்டும். துணிபோல மெல்லிசாக, முழங்கால்வரை தொங்குகிற ரொட்டி. அதுவும் விருந்தில் பரிமாறுகிற ரொட்டியும் அந்த வீட்டுத் தோனிரில் சுட்டதாக இருக்க வேண்டும். வண்டி ரொட்டியைத் தோளில் போட்டாள் என்றால், வீட்டு அடுப்பு செத்துப்போச்சு என்று ஊர் பேசும். ஊர் பேசுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நாமும் திருப்பிப் பேசலாம். கியும்ரிச் சம்பந்தி பேசினால் யார் பதில் சொல்வது?

சுடலாம்தான். ஆனால் அருஸ்யாக்கின் தோனிர் வேறு மாதிரி. தோனிர் என்பது தரைக்குள் புதைத்த மண் அடுப்பு. விளிம்பில் மண்டிபோட்டு உட்கார்ந்து, இடுப்புவரை உள்ளே குனிந்து, சூடான சுவரில் மாவை அறைய வேண்டும். இந்தத் தோனிரை வெட்டியவர் அவளுடைய மாமனார். ஆள் கோபுரம். தன் கை அளவுக்கு வெட்டிவைத்துவிட்டு, தன் மனைவி எவ்வளவு உயரம் என்று பார்க்காமலே செத்துப்போனார். நான் ஒருதடவை முயற்சி செய்தேன். கருகிய புருவம் திரும்ப முளைக்க இலையுதிர்காலம் ஆயிற்று.

அந்தச் சுவரின் அடிவரைக்கும் எட்டுகிற கை ஊரில் ஒன்றுதான் உண்டு. அது ஹைகுஷின் கை. அந்த ஹைகுஷ்தான் இரண்டு வருஷமாக அருஸ்யாக்குடன் பேசுவதில்லை.

காரணம் ஒரு கோப்பை. அருஸ்யாக் காப்பி குடித்த கோப்பையைக் கவிழ்த்து, ஒட்டியிருக்கும் வண்டலைப் பார்த்துக் குறி சொல்வாள். பெரும்பாலும் பயணம், கடிதம், பொறாமைக்காரி என்று எல்லோருக்கும் ஒன்றையே சொல்வாள். அன்றைக்கு ஹைகுஷின் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"உன் வாசல்ல ஒரு பெட்டி வந்து இறங்குதுடி. பெட்டியோட ஒரு ஆம்பளை. வந்தவன்... போற மாதிரித் தெரியலையே."

கொஞ்ச நாளில் ஹைகுஷின் மருமகன் ஸ்பார்தாக்குக்குப் பட்டணத்தில் வேலை போயிற்று. பெண்டாட்டியையும் ஒரு பெட்டியையும் தூக்கிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு வந்தான். வந்தவன் போகவில்லை.

எங்கள் ஊரில் ஒருவன் சிறைக்குப் போய் வந்தால் ஒரு குளிர்காலத்தில் மறந்துவிடுவார்கள். மாமியார் வீட்டில் குடியேறினால் கல்லறைக் கல்லிலும் அதைத்தான் பொறிப்பார்கள். எலி புகுந்த வீட்டைச் சொல்கிற குரலில்தான் இங்கே 'வீட்டோடு மாப்பிள்ளை' என்பார்கள்.

ஹைகுஷ் அதையும் தாங்கியிருப்பாள். அருஸ்யாக் கடை வாசலில் நின்று, "நான் அன்னைக்கே சொன்னேன்ல!" என்று கூவியதுதான் தாங்கவில்லை. வெற்றியை அவளால் வாயில் வைத்துக்கொள்ள முடிந்ததே கிடையாது.

"அவ குறி பாக்கல, அவளேதான் வரவழைச்சா," என்றாள் ஹைகுஷ். "இனிமே அவ தோனிருக்குள்ள என் கை இறங்கினா, அது என் கை இல்ல."

அந்த ஹைகுஷை வரவழைக்கத்தான் வாரஸ்தாத் போனான். கூட என்னையும் இழுத்துக்கொண்டான். வாசலில் ஸ்பார்தாக் கீல் போன கதவைச் சரிசெய்துகொண்டிருந்தான். நாங்கள் ஊர் வழக்கப்படி அவனைப் பார்க்காததுபோல் உள்ளே போனோம்.

"மாட்டேன்," என்றாள் ஹைகுஷ், நாங்கள் உட்காருவதற்கு முன்பே.

"அக்கா, நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"உன் மூஞ்சி கேட்டாச்சு."

"டிவிக்காரங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்க ஊர்லயே நல்லா லவாஷ் அடிக்கிற கை யாருது?'ன்னு கேட்டாங்க."

ஹைகுஷ் மேஜைமேல் இருந்த கையை மெல்லத் திருப்பிப் பார்த்தாள்.

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்றது! ஊரைக் கேட்டா ஊரே சொல்லும். ஆனா நீ வரலேன்னா பெர்ச்சுஹியைத்தான் உக்காரவைக்கணும்."

"பெர்ச்சுஹியா? அவ அடிச்சா ரொட்டியா இருக்கும்? செருப்பு மாதிரி இருக்கும். அதையா நாடு முழுக்கக் காட்டப் போற?"

"கிராஸ்னோதார்ல உன் தங்கச்சிகூடப் பார்ப்பா," என்று நானும் ஒரு விறகு போட்டேன்.

ஹைகுஷின் தங்கச்சிக்கு வெளிநாட்டில், அந்தக் கிராஸ்னோதாரில், இரண்டு மாடி வீடு.

"கேமராவுக்கு மட்டும்," என்றாள் கடைசியில். "பத்து ரொட்டி. பதினொண்ணாவது கிடையாது. அவ மூஞ்சியைப் பார்க்கமாட்டேன். என்னை அவ பக்கத்துல உக்காரவைக்கக் கூடாது."

"எதிர்ல?"

"எதிர்ல இருந்தா மூஞ்சி தெரியுமேடா!"

"புகை இருக்கும் அக்கா."

வியாழக்கிழமை விடிந்ததும் அருஸ்யாக் வீட்டுக்குப் போனேன். மாவுத் தொட்டியை மூடியிருந்த போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டுகிற அளவுள்ள மரத்தொட்டி. விளிம்புவரை மாவு. பக்கத்தில் இன்னொரு தொட்டி. அதிலும் மாவு. இரண்டின்மேலும் வழக்கப்படி கையால் சிலுவைக் குறி போட்டிருந்தாள்.

"அருஸ்யாக், இது பத்து ரொட்டிக்கா?"

"டிவிக்காரங்க திருப்பித் திருப்பி எடுப்பாங்களாம்டி. முன்ஜாக்கிரதை."

"ஒரு படையே வந்தாலும் மிஞ்சுமே."

"பிசையறப்ப கை தவறிடுச்சு."

"உடைஞ்ச கையா, நல்ல கையா?"

பிசைந்தது ஆவெட் என்பது அவன் காது மடலில் ஒட்டியிருந்த மாவிலேயே தெரிந்தது. நான் போர்வையை இழுத்து மூடினேன். வாயை மூடச் சொல்லி ஊர்த்தலைவனே கேட்டுக்கொண்டிருக்கிறானே.

தொலைக்காட்சியிலிருந்து ஷுஷான் என்றொரு பெண் வந்தாள், சின்ன வயசு. எதைப் பார்த்தாலும் கையைக் கோத்து நெஞ்சில் வைத்துக்கொண்டாள். கோழியைப் பார்த்தும் வைத்தாள். கேமராக்காரன் பெயர் கரோ. அவன் வந்ததும் பாலாடைக்கட்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டான்.

தோனிரைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் கட்டையால் மாவை உருட்டித் தள்ளுவேன். ஹைகுஷ் அதை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வீசி விரித்து, வைக்கோல் திண்டின்மேல் போட்டு, உள்ளே குனிந்து சுவரில் அறைவாள். பெர்ச்சுஹி கொக்கியால் எடுப்பாள். அருஸ்யாக் ஒற்றைக் கையால் உருண்டை பிடித்தாள். பெர்ச்சுஹியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். யார் என்ன சொன்னாலும் "அதானே!" என்பாள். மற்றபடி நல்லவள்.

"எப்பவும் எப்படிப் பேசிக்குவீங்களோ அப்படியே பேசுங்கம்மா," என்றாள் ஷுஷான்.

எப்போதும்போல் என்றால் பேசவே கூடாது. ஆனால் கேமராவில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹைகுஷ் முகத்தில் நான் இரண்டு வருஷமாகப் பார்க்காத ஒரு சிரிப்பு வந்தது.

"அருஸ்யாக் ஜான், என் உயிரே, உன் வலியெல்லாம் எனக்கே வரட்டும். கை உடைஞ்சும் நாக்குக்கு ஒண்ணும் ஆகல பாரு. கடவுள் பெரியவர்."

"உன் வலி எனக்கு வரட்டும் ஹைகுஷ் ஜான். உன் வீடு இப்படி நிறைஞ்சு வழியறதைப் பார்த்தாலே எனக்கு வயிறு குளிருது."

"நிறைஞ்ச வீட்டைப் பார்க்கவும் ஒரு கண்ணு வேணுமே. உனக்குத்தான் கோப்பைக்குள்ளயே தெரிஞ்சிடுமே, செல்லம்."

"அதானே!" என்றாள் பெர்ச்சுஹி.

"எவ்வளவு அன்பு!" என்று ஷுஷான் கரோவின் காதில் சொன்னாள். "கிட்டப் போய் எடு."

பத்தாவது ரொட்டி வெளியே வரும்போது அருஸ்யாக் தலையைத் தூக்கி நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

"ஐயோ, கேமராவைப் பார்க்காதீங்கம்மா. மறுபடியும் முதல்லேருந்து."

ஹைகுஷ் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அடித்தாள். இந்தத் தடவை அருஸ்யாக்குத் தும்மல் வந்தது. அதற்கடுத்த தடவை முக்காடு நழுவியது. பிறகு திடீரென்று, "எங்க மாமனார் ஞாபகம் வந்துடுச்சும்மா," என்று அழுதாள். அந்த மாமனார் உயிரோடு இருந்தபோது அவரை என்னவெல்லாம் சொன்னாள் என்று எனக்குத் தெரியும். ஷுஷானும் கூடச் சேர்ந்து அழுதாள். மறுபடியும் முதலிலிருந்து.

சுட்ட ரொட்டியைப் பெர்ச்சுஹி மடி மடியாக வீட்டுக்குள் எடுத்துப் போனாள். "காஞ்சு போகாம உள்ள வெச்சிடு," என்று அருஸ்யாக் சொல்ல, "அதானே!" என்று போய்விடுவாள். அதனால் தோனிர் பக்கத்தில் எப்போது பார்த்தாலும் நாலைந்து ரொட்டிக்குமேல் இருக்காது. ஹைகுஷ் குனிந்து நிமிர்ந்துகொண்டே இருந்தாள். எத்தனை அடித்தோம் என்று அவள் எண்ணவில்லை. சிவப்பு விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். அவள் அடிக்கிற ரொட்டி அவள் ரொட்டியாக இல்லை. ஓரம் தடித்திருந்தது. நடுவில் கட்டைவிரல் போகிற ஓட்டை.

"ஹைகுஷ், ஓரம் தடிப்பா வருதே," என்றேன் மெல்ல.

"டிவில தடிப்பு தெரியாது. இந்த வீட்டுக்கு இது போதும்."

எதிரில் அருஸ்யாக் அதைக் கேட்டாள். கண் ரொட்டியிலேயே இருந்தது. விழுங்கிக்கொண்டு அடுத்த உருண்டையைப் பிடித்தாள். தோளில் போடுகிற ரொட்டி ஓட்டையும் தடிப்புமாக மலைபோல் குவிகிறது. நல்லா அடி என்று சொல்ல வாயில்லை. சொன்னால், எதற்கு என்று ஹைகுஷ் கேட்பாள்.

"இந்த ஊர்ல சண்டையே வராதாமே, நிஜமா?" என்று கேட்டாள் ஷுஷான்.

"சண்டைன்னா என்ன?" என்றான் வாரஸ்தாத்.

அந்த நேரம் பார்த்துச் சுவருக்குப் பின்னாலிருந்து அவனுடைய சொந்தத் தம்பியின் குரல் வந்தது. "உன் தோட்டத்துக்கு இன்னிக்குத் தண்ணி போச்சுன்னா என் பேரை மாத்திக்கிறேன்டா!" அதற்குப் பதிலாக இன்னொரு குரல், அவன் எந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது.

"அது என்ன சத்தம்?"

"பாட்டு ஒத்திகைம்மா," என்றான் வாரஸ்தாத், கண் இமைக்காமல். "பழைய பாட்டு. ரெண்டு ஆம்பளைங்க மாத்தி மாத்திப் பாடணும்."

ஷுஷான் கையை நெஞ்சில் வைத்தாள். "கரோ, அந்தக் குரலையும் பதிவு பண்ணு."

அப்போதுதான் ஸ்பார்தாக் வந்தான். தோளில் ஒரு கட்டுத் திராட்சைக்கொடிக் குச்சி. தோனிரில் தணல் தாழ்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குச்சியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பியவனை ஷுஷான் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, ஒரு நிமிஷம். நீங்க யாரு? இந்த வீட்டுப் பையனா?"

"இல்லம்மா. அதோ, ஹைகுஷ் அம்மாவோட மருமகன்."

"ஓ! மாமியாரைப் பார்க்க வந்திருக்கீங்களா?"

ஸ்பார்தாக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஊரில் அவனைப் பிடிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

"பார்க்க வரலம்மா. அவங்க வீட்லதான் இருக்கேன்."

ஹைகுஷின் கை திண்டோடு அந்தரத்தில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிராஸ்னோதாரில் இரண்டு மாடித் தங்கச்சி. ஷுஷானுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் காற்றில் ஏதோ கருகுகிறது என்று மட்டும் தெரிந்தது. அது உண்மையிலேயே கருகிய ரொட்டிதான், பெர்ச்சுஹி கொக்கியோடு வாயைப் பிளந்து நின்றிருந்தாள்.

எல்லோரும் அருஸ்யாக்கைப் பார்த்தோம். இரண்டு வருஷம் காத்திருந்த வாய். நாடே கேட்கிற நேரம். அவள் உதடு பிரிவதைப் பார்த்தேன். பிறகு அவள் கண் தொட்டிப் பக்கம் போவதையும் பார்த்தேன். ஒன்று காலி. இன்னொன்று அப்படியே இருந்தது.

"இவன் ஊருக்கே பையன்மா," என்றாள். "இந்தத் தோனிருக்குக் குச்சி வெட்டினது இவன். நான் ஏணிலேருந்து விழுந்தப்ப வண்டியில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனதும் இவன்தான்."

ஏணிக்காரரைத் தவிர ஓடி வந்த இன்னொரு ஆள் அவன்தான். அது அன்புதான் என்று சொல்ல நான் தயார். தொட்டியில் மாவு மிச்சம் இல்லாதிருந்தால் சத்தியமே செய்திருப்பேன்.

ஹைகுஷ் திண்டை உள்ளே இறக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் கரோ கேமராவை இறக்கினான். "போதும். தேவைக்கு மேலயே எடுத்தாச்சு." பாலாடைக்கட்டியையும் அவன் தேவைக்கு மேலேயே எடுத்திருந்தான்.

"இன்னும் கொஞ்சம் எடுக்கலாமே," என்றாள் அருஸ்யாக். குரல் கீச்சிட்டது. "நான் சரியா அழல. திரும்ப அழறேன்."

"அருமையா அழுதீங்கம்மா." ஷுஷான் எங்கள் எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். வாரஸ்தாத் அவர்களைச் சாப்பிட அழைத்துப் போனான். சிவப்பு விளக்கு அணைந்ததும் ஹைகுஷின் சிரிப்பும் அணைந்தது. எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டாள்.

"கை கழுவணும்," என்று காற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனாள்.

"உள்ள வேண்டாம், குழாய் வெளியில..." என்று அருஸ்யாக் எழுவதற்குள் கதவு திறந்தாயிற்று.

நானும் பின்னாலேயே போனேன். இப்படிப்பட்ட நேரத்தில் வெளியே நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. கட்டில்மேல் ரொட்டி. நாற்காலிகள்மேல் ரொட்டி. கல்யாணப் பெட்டிமேல் வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் இடுப்பு உயரம் ரொட்டி. தொலைக்காட்சிப் பெட்டியின் தலையிலும் ஓர் அடுக்கு.

ஹைகுஷ் ஈரமில்லாத கையோடு நடுவில் நின்றாள்.

"ஏண்டி, இது பத்தா?"

அருஸ்யாக் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"கல்யாணத்துக்கா?"

"ஆமா."

"என்கிட்ட கேக்க வாய் வரலையா உனக்கு? ஊர்ல இல்லாத வாய் வெச்சிருக்கியே!"

"கேட்டா வந்திருப்பியா?"

"வந்திருக்கமாட்டேன்."

"அப்புறம் என்னடி கேள்வி?"

இனி அடிதடிதான் என்று நினைத்து நான் ஓரமாக நகர்ந்தேன். ஹைகுஷ் அடுக்கிலிருந்து ஒரு ரொட்டியை உருவி, ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். ஓட்டை வழியாக மல்பெரி மரம் தெரிந்தது.

"இதையா உன் பையன் தோள்ல போடப் போற?"

"வேற என்ன பண்ணச் சொல்ற?"

"கியும்ரிக்காரி இதைத் தொட்டுப் பார்ப்பா. யாரு சுட்டதுன்னு கேப்பா. என்ன சொல்லுவ?"

"உன் பேரைச் சொல்லமாட்டேன். போதுமா?"

"நீ சொல்லணுமா? ஊர்ல ஒவ்வொருத்திக்கும் தெரியும், இந்தக் கிணத்துக்குள்ள வேற எவ கையும் எட்டாதுன்னு. ஹைகுஷுக்குக் கை போச்சு, ஓரம் தடிக்குது, ஓட்டை விழுதுன்னு சாகற வரைக்கும் பேசுவாளுங்க. என்னைக் கேவலப்படுத்தவே இதெல்லாம் பண்ணியா?"

"அப்படி அடிச்சது நீதானேடி!"

"டிவிக்கு அடிச்சேன்! கல்யாணத்துக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இப்படியா அடிப்பேன்?"

"சொல்லியிருந்தா அடிச்சே இருக்கமாட்டியே!"

"அது வேற விஷயம்!"

"அதானே!" என்றாள் பெர்ச்சுஹி, அடுத்த மடி ரொட்டியோடு உள்ளே நுழைந்தபடி.

ஹைகுஷ் ரொட்டியை அடுக்கின்மேல் விட்டெறிந்தாள். முக்காட்டை அவிழ்த்து இறுக்கிக் கட்டினாள்.

"மாவு பொங்குது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா புளிச்சுடும். ஸாபெல், நீ என்ன கம்பளியா விரிக்கிற? மெல்லிசா உருட்டு. பெர்ச்சுஹி, கருக விட்டா கொக்கி உன் மண்டையில." வாசலுக்குப் போய்த் தோட்டத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஸ்பார்தாக்! தணல் பத்தாது, இன்னொரு கட்டுக் குச்சி கொண்டா!"

இரண்டு வருஷத்தில் அவள் வாயால் அந்தப் பெயர் வந்து அன்றுதான் கேட்டேன். அதுவரை அவன் "ஏய்" என்ற பெயரில்தான் அந்த வீட்டில் குடியிருந்தான்.

மாலை வெயில் சாயும்வரை அடித்தாள். கேமரா இல்லை, சிரிப்பும் இல்லை, பேச்சும் இல்லை. இடுப்புவரை உள்ளே போய் வந்தாள். வெளியே வந்த ஒவ்வொரு ரொட்டியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைத்தாள். மாவு வீசும்போது அவள் கைகளுக்கு நடுவே அது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அருஸ்யாக் உருண்டை பிடிப்பதையே மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பார்க்கிற? பிடி!"

"பிடிக்கிறேன்டி, கத்தாதே."

தடித்த ரொட்டிகளை என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. கட்டுக் கட்டாகத் தொலைக்காட்சிக்காரர்களின் வண்டியில் ஏற்றினோம். இப்படி அள்ளிக்கொடுக்கிற ஊரை வாழ்க்கையிலேயே பார்த்ததில்லை என்று ஷுஷான் கண் கலங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, கல்யாணத்தன்று, மணமக்கள் வாசலில் வந்து நின்றார்கள். வழக்கப்படி காலடியில் தட்டை உடைத்தார்கள். அருஸ்யாக் நல்ல கையால் மகன் தோளில் ஒன்று போட்டாள், பிறகு மருமகள் தோளில். மாலைக் காற்றில் ரொட்டி அசைந்தது. கியும்ரி ஜன்னா முன்னால் வந்து, மகள் தோளிலிருந்த ரொட்டியின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்தாள்.

"யாரு சம்பந்தி சுட்டது?"

"சொன்னேனே சம்பந்தி. ஊரே ஓடி வந்துச்சு."

கூட்டத்தில் ஸ்பார்தாக்குக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்த ஹைகுஷின் புருவம் மேலே ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அருஸ்யாக் அதைப் பார்த்தாள். மேளக்காரன்கூடக் குச்சியை நிறுத்திவிட்டான்.

"ஊருன்னா..." என்றாள் அருஸ்யாக். "ஊருன்னா இவதான். ஹைகுஷ். எங்க தோனிர்ல இவ ஒருத்தி கைதான் இறங்கும். ஒத்தை ஆளா அடிச்சா. ஊர்ல வேற எவளும் எட்டிக்கூடப் பார்க்கல."

அதோடு நிறுத்தியிருக்கலாம். இருந்தால் அவள் அருஸ்யாக் இல்லை.

"வீட்டோட மாப்பிள்ளை வெச்சிருக்காளே, அவதான்."

"ஏமாத்திக் கூட்டிட்டு வந்தா சம்பந்தி!" என்று ஹைகுஷ் அங்கிருந்தே கத்தினாள். "டிவின்னு சொல்லி! ரெண்டு தொட்டி மாவைப் போர்வை போட்டு மறைச்சு வெச்சிருந்தா! உங்க பொண்ணு ஜாக்கிரதையா இருக்கட்டும்!"

ஜன்னா ரொட்டி ஓரத்தில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டாள். மென்றாள்.

"மெல்லிசா இருக்கு," என்றாள்.

கியும்ரிக்காரி வாயிலிருந்து அவ்வளவு வந்தால் அது தோற்றுப்போனதற்குச் சமம். மேளம் மறுபடி தொடங்கியது.

நிகழ்ச்சி அடுத்த மாதம் ஒளிபரப்பானது. நாங்கள் பாதி நாள் புகையில் உட்கார்ந்தது, பல்பொடி விளம்பரத்தைவிடச் சின்னதாக இருந்தது. அருஸ்யாக் அழுவது முழுதாக வந்தது. ஸ்பார்தாக் 'ஊரின் மகன்' ஆனான். ஹைகுஷுக்கு முழங்கை மட்டும்தான் வந்தது. கடைசியில் மலையையும் ஆட்டையும் காட்டி, பின்னணியில் தண்ணீர்ச் சண்டையை அப்படியே போட்டிருந்தார்கள், வசவுகளை மட்டும் நீக்கிவிட்டு. மிஞ்சியது இரண்டு பெயர்களும் ஒரு "டா"வும். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

இப்போது இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள். முழங்கை விஷயத்தில் தொடங்கி, கோப்பை, ஏணி, தொட்டி என்று காலையில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று ஆரம்பித்தால், ரொட்டி வண்டி வருகிறவரை நிற்காது. எங்கள் தெருவுக்கு அந்த இரண்டு வருஷம் எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இப்போதுதான் தெரிகிறது.